கூடு எண்ணியவர்கள்: சென்னையின் தன்னார்வப் பறவைக் கணக்கெடுப்பு வரலாறு

வடசென்னைக்கும் பறவைக் கணக்குக்கும் உள்ள தொடர்பு 300 ஆண்டுகளைத் தாண்டியது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, வைத்திய வேலைக்கிடையே இங்குள்ள பறவைகளைப் பார்த்துக் குறிப்பும் படமுமாக லண்டனில் இருந்த இயற்கையியலாளர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் 22 பறவைகள் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரேயின் பறவை நூலில் இடம்பெற்றன. அந்த நூல் 1713-இல் வெளிவந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சேறிய முதல் பட்டியலாக அதைச் சொல்வது வழக்கம். இராயபுரத்துக்குப் பக்கத்துக் கோட்டையில்தான் அந்தப் பட்டியல் பிறந்தது என்பதை வடசென்னைக்காரர்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பட்டியல் போடுவது ஒரு வேலை. கூடு கட்டும் பறவைகளைக் கணக்கெடுப்பது வேறு வேலை. வானத்தில் பறந்த பறவை வழிப்போக்கனாக இருக்கலாம். சைபீரியாவிலிருந்து வந்து நான்கு மாதம் தங்கிப் போகும் விருந்தாளியாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அதைப் பறக்க வைத்துவிட்டால் அந்தப் பறவை அந்த ஊர்க்காரன். நமக்கு ரேஷன் கார்டு எப்படியோ, பறவைக்குக் கூடு அப்படி. அதனால்தான் உலகெங்கும் தன்னார்வலர்கள் கூடுகளைத் தேடிப் போனார்கள். அந்தத் தேடல் தமிழ் நிலத்தில் நடந்துவந்த பாதையை, தெரிந்தவரையில் வரிசையாக இங்கே பதிவு செய்கிறோம்.

நம் மண்ணில் கூடுகளைக் காத்த முதல் அமைப்பு ஒரு கிராமம். செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் ஏரியில் மழைக்காலம் தொடங்கியதும் நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து கூடு கட்டும். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அந்த ஊர் விவசாயிகள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். அங்கே வேட்டைக்கு வந்தவர்களை எதிர்த்து அவர்கள் முறையிட்டதன் பேரில், 1790களின் இறுதியில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுத்துமூலம் ஆணை தந்தார். அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயம் என்ற ஏற்பு கிடைத்தது. பட்டாசு வெடிக்காமல், சத்தம் போடாமல் தீபாவளி கொண்டாடும் பழக்கத்தை அந்த ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் இதைச் செய்யவில்லை. தன்னார்வம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வேடந்தாங்கல் மக்கள் தன்னார்வலர்களாக இருந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கணக்கு காகிதத்துக்கு வந்தது. சென்னைக்கு 1836-இல் வந்திறங்கிய மருத்துவர் ஜெர்டன் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை இங்கிருந்தே வெளியிட்டார். பின்னர் ஆங்கிலேய அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார். 1873-இல் வெளிவரத் தொடங்கிய அந்த நூலின் பலம் ஹியூம் மட்டுமில்லை. நாடெங்கும் சிதறிக் கிடந்த அதிகாரிகள், தோட்டக்காரர்கள், மருத்துவர்கள் ஆகியோர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். எந்த மாதத்தில் எந்த மரத்தில் எந்தப் பறவை கட்டுகிறது, எத்தனை முட்டை, என்ன நிறம் என்ற விவரங்களெல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தன. பலர் சேர்ந்து உருவாக்கிய முதல் கூட்டுக் கணக்கு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதக்காரர்களில் ஒரு பெண்மணியைத் தனியே குறிப்பிடாமல் நகர முடியாது. சேலத்தில் 1829-இல் பிறந்து கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன், நீலகிரிப் பறவைகளை ஓவியமாகத் தீட்டினார். அவற்றின் கூடுகளைப் பற்றி ஹியூமுக்கு எழுதினார். கல்லூரியும் பதவியும் பெண்களுக்குக் கிட்டாத காலத்தில், வீட்டைச் சுற்றியிருந்த சோலையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டவர் அவர். இன்று நம் கணக்கெடுப்புக் குழுக்களில் பெண்கள் முன்வரிசையில் நடக்கிறார்கள் என்றால், அந்த வரிசையின் தலையில் கோத்தகிரி அம்மையார் நிற்கிறார். அக்கால வழக்கப்படி இந்தக் கடிதக்காரர்கள் முட்டைகளைச் சேகரித்து வைத்தார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். நம் முறையும் அடியோடு மாறிவிட்டது. ஆனாலும் அவர்கள் எழுதிவைத்த மாதங்களும் மரங்களும் இன்றைக்கும் ஒப்பிட உதவுகின்றன.

1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அடுத்த கட்டத்துக்குக் களம் அமைத்தது. 1930களில் வேலையில்லாமல் இருந்த, அந்தச் சங்கத்தோடு தொடர்புடைய பறவையியலாளர் சாலிம் அலி, தமக்குச் சம்பளமே வேண்டாம், பயணச் செலவையும் முகாம் செலவையும் சமஸ்தானங்கள் ஏற்றுக்கொண்டால் போதும், பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று முன்வந்தார். ஐதராபாத்தை முடித்துக்கொண்டு 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிக்கு வந்தார். மனைவி தெஹ்மினா உடன்வந்து முகாமை நடத்தினார். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மலையேறி எடுத்த அந்தக் கணக்கு, 75 ஆண்டுகள் கழித்துக் கேரளப் பறவை ஆர்வலர்கள் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு ஒழுங்காக இருந்தது. ஊதியம் இல்லாமல் ஒரு பிரதேசம் முழுவதையும் அளக்க முடியும் என்று தென்னிந்தியாவில் காட்டியவர் அவரே.

1940களில் மலையாள எழுத்துலகில் இந்துசூடன் என்ற பெயரால் அறியப்பட்ட கே.கே. நீலகண்டன், ஆந்திரத்தின் ஆரேடு கிராமத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டே அவர் செய்த வேலை அது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் மா. கிருஷ்ணன் எழுதிக்கொண்டிருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் வேடந்தாங்கலுக்கு மீண்டும் மீண்டும் சென்று, எந்தப் பறவை எந்த மரத்தின் எந்த உயரத்தில் கட்டுகிறது என்று கவனித்து எழுதினார். பறவையைத் தமிழில் துல்லியமாகப் பேச முடியும் என்று நமக்குக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். பின்னால் க. ரத்னம் தமிழில் எழுதிய பறவை நூல், ஆங்கிலம் வராத இளைஞர்களின் பையில் ஏறியது. கையேடு இல்லாமல் கணக்கெடுப்பு இல்லை. தமிழ்க் கையேடுகள் தந்தவர்களுக்கு நம் இயக்கம் பட்டிருக்கும் கடன் பெரிது.

1960-இல் சஃபர் ஃபுத்தேஅலி பம்பாயிலிருந்து பறவை ஆர்வலர்களுக்கான செய்தி மடல் ஒன்றைத் தொடங்கினார். சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்கள்தான். ஆனால் தூத்துக்குடியில் ஒருவரும் ஷில்லாங்கில் ஒருவரும் தாங்கள் பார்த்த கூட்டைப் பற்றி ஒரே இடத்தில் எழுதிக்கொள்ள அந்தத் தாள்கள் வழிசெய்தன.

அதே ஆண்டுகளில் கடல் கடந்தும் இந்த வேலை வேகம் பிடித்தது. பிரிட்டனில் 1928-இல் மேக்ஸ் நிக்கல்சன் தொடங்கிய சாம்பல் நாரைக் கூடுகளின் கணக்கு ஆண்டுதோறும் தொடர்ந்துவருகிறது. 1968 முதல் 1972 வரை அங்கே நாடு முழுவதையும் பத்துக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பறவை இனப்பெருக்கம் செய்கிறது என்று தன்னார்வலர்களே பார்த்து எழுதினார்கள். கூடு கட்ட வாய்ப்புண்டு, பெரும்பாலும் கட்டுகிறது, உறுதியாகக் கட்டுகிறது என்று மூன்று படிகளில் சான்றுகளைப் பிரித்தது, அப்படி உருவான பறவை அட்லஸ். உரிய காலத்தில் உரிய இடத்தில் பாடும் பறவை முதல் படி. இணையோடு ஒரே இடத்தைச் சுற்றிவருவது இரண்டாம் படி. வாயில் புழுவோடு பறப்பதும், குஞ்சு கண்ணில் படுவதும் மூன்றாம் படி. கூட்டைத் தொடாமலே கூடு இருப்பதை நிரூபிக்கும் இந்த முறை உலகெங்கும் பரவியது. நம்மவர்களும் இதையே பின்பற்றுகிறார்கள்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் ஆந்திரத்தின் நேலப்பட்டும் 1980-இல் பழவேற்காட்டின் தமிழகப் பகுதியும் சரணாலயங்களாயின. இந்த இரண்டு பெயர்களையும் வடசென்னைக்காரர்கள் சேர்த்தே நினைக்க வேண்டும். நேலப்பட்டில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைக்கின்றன. அவற்றுக்கான மீன் பழவேற்காட்டில் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் காணும் கூழைக்கடா, எங்கோ ஒரு மரத்தில் காத்திருக்கும் குஞ்சுக்கு மீன் தேடி வந்ததாகவும் இருக்கலாம்.

1978-ஆம் ஆண்டு சென்னையின் கதையில் முக்கியமானது. அந்த ஆண்டில்தான் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. எம்.என்.எஸ். என்ற மூன்றெழுத்தாகவே நாம் அதை அறிவோம். சொந்தக் கட்டடம் இல்லை, பெரிய நன்கொடையாளர் இல்லை. மாணவர்களும் அலுவலகம் போகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பஸ் பிடித்துப் போய் நின்று எண்ணினார்கள். பைனாகுலர் ஒன்று கைமாறிக் கைமாறிப் போகும் காலம் அது. அடையாறு முகத்துவாரப் பறவைகளைத் தொடர்ந்து பதிவு செய்த வி. சாந்தாராம், சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை ஏற்ற கே.வி. சுதாகர் போன்றோர் அதன் தூண்கள். 1985-இல் சங்கம் தன் இதழைத் தொடங்கி, அதற்கு வெளிமானின் ஆங்கிலப் பெயரையே வைத்தது. கிண்டியில் இன்றும் நிற்கும் விலங்கின் பெயர் அது. யார் எங்கே எந்தக் கூட்டைப் பார்த்தார்கள் என்பது அன்று முதல் அச்சில் நின்றது. ஒரு தலைமுறை பார்த்ததை அடுத்த தலைமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த ஏடு அது.

1987-இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஜனவரி நடுவில் ஆசியாவெங்கும் ஒரே சமயத்தில் நடக்கும் இக்கணக்கில் பழவேற்காடு, எண்ணூர் போன்ற இடங்களுக்கு நம்மவர்கள் போனார்கள். அது முதன்மையாக வலசைப் பறவைகளுக்கான கணக்கு. ஆனால் சேற்றில் நின்று எண்ணிப் பழகிய கண்தான் பின்னர் உப்பளத்தின் வெறும் மண்ணில் நெட்டைக்கால் உள்ளான் வைத்த முட்டையையும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஆள்காட்டியின் முட்டையையும் கண்டுகொண்டது.

இந்த வேலையின் பாடு வெளியே தெரியாது. கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில் பறவையை எண்ணுவதில்லை, கூட்டை எண்ணுவார்கள். மரம் மரமாக எண்ண வேண்டும். கரையில் நின்றபடியே எண்ண வேண்டும். நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். எழுந்த நிமிடத்தில் காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும். வெயில் ஏறிய பிறகு தாய் எழுந்தாலோ, முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துவிடும். அதனால் விடியலில் போய், வெயிலுக்கு முன் திரும்ப வேண்டும். முன்கூட்டியே கட்டும் இனமும் பின்தங்கிக் கட்டும் இனமும் உண்டு என்பதால் ஒரே ஏரிக்கு ஒரே பருவத்தில் பலமுறை போக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நோட்டுப் புத்தகங்களை அடுப்பங்கரையில் காயவைத்து, பென்சிலில் எழுதியதைப் படியெடுத்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அப்படிச் சேர்ந்த குறிப்புகள் வீண்போகவில்லை. 2005-இல் சு. சுப்பிரமண்யா தமிழ்நாட்டின் கூட்டக் கூடுகளைப் பற்றித் தொகுத்து வெளியிட்ட கட்டுரை, பழைய ஏடுகளிலும் தனியார் நோட்டுகளிலும் சிதறியிருந்த விவரத்தை ஒன்றாக்கியது. கூந்தன்குளம் போன்ற ஊர்களில் வீட்டு மரங்களிலும் தெரு மரங்களிலும் நாரை கட்ட விட்டு, எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்ட மக்களின் கதையும் அந்த விவரத்துக்குள் இருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்காகக் குரல் எழுந்தபோது, அங்கே எந்தெந்தப் பறவை இருக்கிறது என்ற பட்டியல் ஆர்வலர்கள் கையில் தயாராக இருந்தது. 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் கூந்தன்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கொடுத்தவர்களின் குறிப்புகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

2010களில் கணக்கு நகரின் வீட்டுக்கூரைக்கே வந்தது. 2012-இல் சிட்டுக்குருவிக்கென்று நாடு தழுவிய மக்கள் கணக்கு நடந்தது. இப்போது உங்கள் தெருவில் குருவி உண்டா, முன்பு இருந்ததா, கூடு கட்டுகிறதா என்று கேட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. பறவைப் பெயர் நாலு கூடத் தெரியாத பாட்டிமார்களின் நினைவும் அறிவியலுக்குத் தரவாக முடியும் என்று காட்டியது அது. 2015-இல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியது. அறுவடைத் திருநாளையொட்டிய நான்கு நாட்களில் வீட்டு வாசல், வயல், ஏரிக்கரை என எங்கே நின்றாலும் பதினைந்து நிமிடம் பார்த்து, இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். தமிழில் தொடர்ந்து எழுதிவரும் ப. ஜெகநாதன் போன்றோர் இதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார்கள். நம் பண்டிகையின் பெயரில் நமக்கென்று ஒரு கணக்கெடுப்பு அமைந்தது அதுவே முதல்முறை.

அதே 2015-இல் பக்கத்து மாநிலத்தில் தொடங்கிய வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். கேரளப் பறவை அட்லஸ், மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஏறத்தாழ 4,000 சிறுகட்டங்களைத் தேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வறண்ட பருவத்தில் ஒருமுறை, மழைப்பருவத்தில் ஒருமுறை போக வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை ஒரு சுற்று. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மற்றொரு சுற்று. மழைச் சுற்றில் வலசைப் பறவை அநேகமாக இருக்காது. காண்பதெல்லாம் உள்ளூர்க் குடிகள். 2018, 2019 ஆண்டுகளின் பெருவெள்ளத்துக்கு நடுவிலும் வேலை நிற்கவில்லை. 2020-இல் முடிந்தபோது ஆயிரம் தன்னார்வலர்கள் 25,000 பட்டியல்களில் 3 லட்சம் பதிவுகளைச் சேர்த்திருந்தார்கள், 361 இனங்கள். ஒரு பெரிய பிரதேசத்தைக் கட்டம் விடாமல் மக்களே அளந்த வேலையில் ஆசியாவிலேயே முன்னணியில் வைத்துப் பேசப்படுவது இது. பள்ளி ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவர் என்ற வேறுபாடு அந்தப் பட்டியல்களில் கிடையாது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களே 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையாக வந்தன: 15,500 பேர், 1 கோடி பதிவு, 867 இனங்கள். 2023-இல் வந்த இரண்டாம் அறிக்கையில் 30,000 பேர், 3 கோடி பதிவு, 942 இனங்கள். நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் சிட்டுக்குருவி நிலைத்து நிற்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்ற தெளிவு நமக்கு 2020 அறிக்கையில் கிடைத்தது. கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேசிய நேரத்தில், எண்ணிப் பார்த்துப் பேசுவோம் என்று நின்றவர்கள் இவர்கள்.

வடசென்னை இந்தக் காலத்தில் பட்ட துன்பத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, மக்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களைத் தேடி வனத்துறையினரும் தன்னார்வலர்களும் அலைந்தார்கள். மீனவர்கள் அவர்களுக்கு இடம் காட்டினார்கள். எத்தனை பறவை, எந்த இடத்தில், எந்த நாளில் என்று அந்த நெருக்கடியிலும் குறித்துவைத்தவர்களை இந்த வரலாறு மறக்காது.

அந்த ஆண்டுகளிலேயே வடசென்னையில் ஒரு நல்ல வேலையும் வளர்ந்தது. கூடுகள் அறக்கட்டளை, பள்ளிக்கூடங்களுக்குப் போய் மாணவர்களுக்குச் சிட்டுக்குருவியைப் பற்றிச் சொல்லி, சிறு மரப்பெட்டிக் கூடுகள் செய்யக் கற்றுக்கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் பத்தாயிரம் கூடுகள் உருவாயின. 2024 நவம்பர் 24 அன்று பிரதமரின் மனதின் குரல் வானொலி உரையில் இந்த வேலை இடம்பெற்று நாடெங்கும் அறியப்பட்டது. துறைமுகமும் தொழிற்சாலையும் மட்டுமே எங்கள் அடையாளம் என்று பேசிவந்தவர்களுக்கு, ஆணியும் பலகையும் பிடித்த பிள்ளைகள் தந்த பதில் அது.

எம்.கே.பி. நகர் இந்த வரிசையில் பின்தங்க நியாயமில்லை. குருவிகளுக்கு அரிசி இறைத்த மகாகவி பாரதியின் பெயரையே நம் நகர் தாங்கியிருக்கிறது. நம் தெருக்களில் மின்கம்பத்திலும் கடை ஷட்டருக்கு மேலும் மாடிப் பிள்ளைச்சுவரின் இடுக்கிலும் குருவியும் மைனாவும் மாடப்புறாவும் கட்டுகின்றன. வேப்பமரத்தில் காகம் கேபிள் துண்டையும் கம்பியையும் கோத்துக் கட்டுகிறது. கொடுங்கையூர்ப் பக்கம் கரும்பருந்து வட்டமிடுகிறது. இவையெல்லாம் நம் வாசலில் நடப்பவை. பார்க்கத் தனிப்பயணம் தேவையில்லை.

ஆகவே இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டுகோள் ஒன்று. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வைக்கோலோ நாரோ வாயில் வைத்துக்கொண்டு பறக்கும் குருவியைக் கண்ட நாள், இடம், பிறகு குஞ்சின் சத்தம் கேட்ட நாள், குஞ்சு பறந்த நாள் இவற்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கூட்டைத் தொட வேண்டாம். பெட்டியைத் திறக்க வேண்டாம். படமெடுக்க நெருங்க வேண்டாம். வரும் பொங்கல் நான்கு நாட்களில் மாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, பட்டியலை இ-பேர்டில் சேருங்கள். வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவர் முன்வந்தால், வடசென்னைக்கென்று கூடுகளின் வரைபடம் ஒன்றை நாமே தயாரித்துவிடலாம்.